வாப்பா உடைத்த நீலக்கல்

என் வாப்பா கல் வியாபாரி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எங்கள் வீடு. பஸ்ஸில் கண்டிக்குப் போய், கைமேல் துணியைப் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசிக் கல் வாங்கி வருவார். ஆளை மட்டும் நம்பமாட்டார். பால்காரன், பஸ்காரன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் அவர் கணக்கில் கள்ளன்கள். அவருடைய மகள்தானே நான், எனக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் உண்டு.

எனக்குக் கலியாணம் பேசியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். அந்தக் காலத்தில் சீமையில் உலையில் வளர்த்த நீலக்கற்கள் நம் ஊர்க் கற்களோடு கலந்து வந்துகொண்டிருந்தன. அப்படி ஒன்றை வாங்கி வாப்பா ஏமாந்திருந்தார். இன்னொரு மோசடி ஒட்டுக்கல். மேலே மெல்லியதாக நல்ல கல், கீழே வெறும் கண்ணாடி, நடுவில் பிசின். இரண்டையும் எப்படிப் பிடிப்பது என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் பேசுவார். கல்லைத் தேங்காயெண்ணெயில் போட்டுப் பக்கவாட்டில் பார்க்கவேண்டும். மண்ணுக்குள் வளர்ந்த கல்லில் கோடுகள் நேராக ஓடி, தேன்கூட்டு அறைபோல மூலை மடங்கும். உலையில் வளர்ந்ததில் கிராமபோன் தட்டுப்போல வளைந்திருக்கும். ஒட்டுக்கல் என்றால் இடுப்பைச் சுற்றிப் பிசின் கோடு தெரியும்.

அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்தார்கள். துணிக்கடை, நல்ல குடும்பம், ஒரு குறையும் இல்லை.

“அதுதான் எனக்குப் பயமா ஈக்குது” என்றார் வாப்பா. “குறையே இல்லாத மனிசன் எங்க ஈக்கிறான்?”

முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை இதே பேச்சால்தான் விரட்டியிருந்தார். இந்த மாப்பிள்ளையைக் கதவிடுக்கால் நான் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதையும் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா, எனக்கு மாமியாகப் போகிறவர், வந்து என் விரலில் மோதிரம் போட்டார். அவருடைய சொந்த மோதிரம், பெரிய நீலக்கல். அவர்கள் பஸ் ஏறியதும் வாப்பா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கல்லின் அடிப்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடி, உள்ளே அரக்கு வைத்துப் பதித்திருந்தது. பழைய நகைகள் எல்லாமே அப்படித்தான். ஆனால் பக்கவாட்டில் பார்க்க வழியில்லை.

“என்னத்துக்கு மூடி ஈக்குது?”

“வாப்பா, விடுங்க. அவங்க அறிஞ்சா என்ன நெனைப்பாங்க?”

“கழற்று புள்ள.”

கழற்றினேன். ஸ்பிரிட் விளக்கில் மோதிரத்தைக் காட்டினார். அரக்கு இளகிக் கல் கழன்றது. கூடவே சூடான அரக்கு அவர் பெருவிரலில் ஒட்டி, தோலோடு பிய்ந்து வந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. எண்ணெய்க் கோப்பை பக்கத்தில் ஆயத்தமாக இருந்ததால், சூடு ஆறுமுன் கல்லை அதற்குள் போட்டார். டிக் என்று ஒரு சத்தம். கல் இரண்டாகிவிட்டது.

“ஒட்டுக்கல்! நான் செல்லல்லயா? ஒட்டுக்கல்!” வாப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம். எனக்கு அழுகை வந்தது.

இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். உடைந்த முகத்தில் பிசின் இல்லை. இரண்டு துண்டிலும் ஒரே நீலம், நேர்கோடுகள் மூலை மடங்கி ஓடின. சுத்தமான மண் கல். சூட்டோடு குளிர்ந்த எண்ணெயில் விழுந்ததால் வெடித்திருந்தது.

“அவங்களுக்கு உள்ளதைச் செல்லிடுவோம், வாப்பா.”

“கல் வியாபாரி வீட்டில கல் ஒடஞ்சிச்செண்டா யார் நம்புவான்? நல்ல கல்லை மாத்திட்டாங்கண்டு செல்லுவாங்க. ஒண்ட கலியாணம் அதோட சரி.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண்ணாடி வில்லைகளை ஒட்டும் தெளிந்த பிசின் கொஞ்சம் வாங்கி வந்து, துண்டுகளைச் சேர்த்து, பழையபடி அரக்கு வைத்துப் பதித்தார். ஒட்டுக்கல்காரனைக் கண்டால் காறித் துப்புகிற மனிதர், தன் கையாலேயே ஒன்று செய்தார். பெருவிரல் புண் தானாக ஆறியது. ஓரத்திலிருந்து புதுத்தோல் நடுவை நோக்கி நகர்ந்து மூடியது. கல்லுக்கு அந்த வரம் இல்லை. வெயிலில் சரித்துப் பிடித்தால் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது.

கலியாணத்தன்று மாமி என் கையை எடுத்தார். மோதிரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

“அவவுக்குத் தெரியும்” என்றார் வாப்பா என் காதில். “கண்டுட்டுத்தான் சிரிக்கிறா.”

அதோடு வாப்பா அக்குறணையில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் பிள்ளைகள் பிறந்தபோதும் வரவில்லை, பெருநாளுக்கும் வரவில்லை. கால் வலி, மழை, வியாபாரம் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். நானும் மாமியின் ஒவ்வொரு சொல்லையும் கிளறிப் பார்த்தேன். “மோதிரம் உனக்கு வடிவா ஈக்குது” என்றால்கூட, குத்திக் காட்டுகிறாரோ என்று மனம் குமையும். நிம்மதியாக ஒரு நாளும் அந்த மோதிரத்தை நான் போடவில்லை.

சில வருடம் போன பின், ஒரு பெருநாளுக்கு முதல்நாள் அழுக்குப் போக மோதிரத்தைக் கொதிநீரில் சவர்க்காரம் கரைத்துப் போட்டு வைத்தேன். எடுத்தால் தங்கம் தனி, கல் இரண்டு துண்டு. மாமி பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு காலம் ஒட்டி இருந்ததே பெரிசு” என்றார்.

“தெரியுமா மாமி?”

“நான் பொறந்ததிலிருந்து பார்த்த கல். எங்கட உம்மாட கையில இருந்தது. தெரியாம இருக்குமா?”

“ஏன் கேக்கல்ல?”

“கேட்டா ஒங்கட வாப்பா ரோசத்தில கலியாணத்தை நிப்பாட்டிடுவாரு. எனக்கு நீ வேணும், புள்ள. கல்லுக்கென்ன?”

மறுநாள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அப்பவே செல்லல்லயா, அவவுக்குத் தெரியும்டு!” என்று துள்ளினார். மீதியையும் சொன்னதும் அடங்கிப்போனார். அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, அக்குறணையில் பஸ்ஸைவிட்டு இறங்கி முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே நடந்ததை மாமியிடம் சொன்னார்.

“ஒடஞ்சுபோச்செண்டு அன்றைக்கே செல்லியிருந்தா போதுமே” என்றார் மாமி.

“நீங்க நம்புவீங்கண்டு நான் நெனைக்கல்ல” என்றார் வாப்பா. என் மூத்த பிள்ளை யாரோ புது ஆள் என்று அவரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.