முந்நூறு கிராம் நண்டு

வாகரைப் பக்கத்தில், கரையோரம் நண்டு வாங்கும் கொட்டகையான வாடி ஒன்றில் நானும் என் மச்சாளும் பல வருடங்களாக அருகருகே குந்தியிருந்து நண்டு நிறுத்து வந்தோம். அவள் என் கணவரின் தங்கை. இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். அதனால்தான் அவள் மேல் வந்த பொறாமைக்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. படித்தவள்தானே என்று சொல்லி விட்டுவிட முடியவில்லை.

இருநூறு கிராமுக்குக் கீழ் சிறிது, இருநூறிலிருந்து நடுத்தரம், முந்நூறிலிருந்து பெரிது. மூன்று கூடைகள். சரியாக எல்லையில் நிற்கும் நண்டு மேல் கூடைக்குத்தான் போகும். அது எங்கள் வாடி வழக்கம். பிடித்தவர் எதிரே நின்று பார்க்கும்போது அதைக் கீழ்க் கூடையில் போட யாருக்கும் கை வராது.

சென்ற வருடம் முதலாளி ஒரு மடிக்கணினியை வாங்கி உள்ளறையில் வைத்தார். எங்களில் ஒருத்தியை அந்த மேசைக்கே மாற்றப்போவதாகச் சொன்னார். உள்ளே மின்விசிறி, சாய்ந்திருக்கக் கதிரை. குந்தியிருந்தே முழங்கால் போனவள் நான். மனதுக்குள் அந்தக் கதிரையில் இருந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்பது எனக்கு எப்போதும் வராது.

அவளும் கேட்கவில்லை. செய்தே காட்டினாள். போனில் வீடியோ பார்த்து, பைதன் என்ற கணினி மொழியில் ஏழெட்டு வரி எழுதினாள். நிறைகளை அதில் தட்டினால் எது எந்தக் கூடை என்று அதுவே பிரித்துச் சொன்னது.

"எப்படி மச்சாள்?" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன்.

மறுநாள் முதலாளியும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரின் நண்டு சரியாக முந்நூறு நின்றது. அவள் திரையைப் பார்த்து "நடுத்தரம்" என்றாள்.

"என்ன தங்கச்சி, நேத்து வந்திருந்தா இது பெரிசு. கொம்பியூட்டரக் கண்ட பயத்தில சுருங்கிட்டா?" என்றார் நண்டு கொண்டுவந்தவர். வாடியே சிரித்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. "எல்லையில நிக்கிறத அது கீழ தள்ளுது. உன்ட கை இவ்வளவு காலமும் மேலதானே போட்ட?" என்றேன். அவள் முகம் வாடும் என்று பார்த்திருந்தேன்.

"ஓம்கா மச்சாள், சரிதான்!" என்று சிரித்தாள். 'இதைவிடக் குறைவு' என்ற குறிக்குப் பக்கத்தில் தவறுதலாக ஒரு சமன் குறியும் போட்டிருக்கிறாள். அதனால் முந்நூறும் நடுத்தரத்துக்குள் விழுந்திருக்கிறது. இருநூறுக்கும் முந்நூறுக்குமான இரண்டு வரியிலும் அந்தச் சமன் குறியை அழித்தாள். நண்டு பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான். நான் பிடித்த பிழை ஒரு பெருமூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நிலவு நாளில வாற நண்டு சதையில்லாமத் தண்ணியாக் கிடக்கு. திகதியையும் இப்பிடிப் பிரிக்கலாமா புள்ள?"

"ஏலும். இருட்டு நாள் எப்ப தொடங்குது, எப்ப முடியுது எண்டு குடுத்தாச் சரி." அவள் என் பக்கம் திரும்பினாள். "மச்சாள், கலண்டரப் பாத்துச் சொல்லுங்க. முழுநிலவுப் போயா நாள எந்தப் பக்கம் போடுற?"

"நிலவுக்கு" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களா, இவ இல்லாட்டி எல்லாம் பிழையாப் போயிரும்" என்று முதலாளியிடம் சொன்னாள். அந்த நல்ல மனதும் அவளுக்கே வாய்த்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப நீயே இதில இரி" என்றார் முதலாளி, அவளிடம்.

அவர் போனதும் அவள் கதிரையில் ஒதுங்கிப் பாதி இடம் விட்டாள். "வாங்க மச்சாள், இரிங்க. காட்டித் தாறன். லேசுதான்."

"கால் ஈரம்" என்றேன். ஈரம் இல்லை.

இப்போது நான் தராசடியில் நிறைகளைக் கூப்பிட, அவள் உள்ளே தட்டுகிறாள். முந்நூறு என்று நான் கூப்பிடும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும்: "பெரிசு, மச்சாள்!"

எனக்குத் தெரியாததுபோல.