பொல்பிட்டியவின் கனத்த காற்று

1. பொனட்டுக்குள்

யோகேஸ் தன் காரின் பொனட்டைத் திறந்தபோது நான் முதலில் தேடியது எஞ்சினை. அது குழாய்களுக்கு அடியில் எங்கேயோ இருந்தது. ஆயிரம் சீசீ பழைய கார்பரேட்டர் கார். கழித்துக்கட்டிய ஜப்பான் குட்டிக் கார் ஒன்றின் டர்போவை வாங்கிவந்து, வீட்டுக் கொட்டகையில் அவரே பொருத்தியிருந்தார். வெல்டிங் சுத்தமாக இருந்தது. மலை மேல் டிக்கோயாவில் கராஜ் நடத்திப் பிழைக்கும் என்னை அது சற்றுப் புண்படுத்தியது.

அவருக்குப் பந்தய ஆசை எதுவும் கிடையாது. கீழே மலையடிவாரத்தில், பொல்பிட்டிய மின்நிலையத்தில் டெக்னீசியன் வேலை. பல நாட்களில் வேலை முடியும்போது கடைசி பஸ் போய்விட்டிருக்கும். டர்போ இல்லாத காலத்தில் இந்தக் கார் வீடு திரும்பும் வழியில் கினிகத்தேனை ஏற்றத்தில் போகும் வேகத்தில், நடந்து வருகிறவர்கள் ஜன்னலில் குனிந்து சுகம் விசாரித்துவிட்டு முந்திப் போவார்களாம்.

கூடவே மனைவி புஷ்பாவும் வந்திருந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை.

"பாஸ் அண்ணே, இவருக்கு அங்க குவாட்டர்ஸ் குடுத்திருக்காங்க. சாவியக்கூட வாங்கி வச்சிருக்காரு. இந்த வாரத்துக்குள்ள கார் சரிவரலைன்னா அங்கயே தங்கிருவாராம். எனக்கு ஸ்கூலு இங்க. புருசன ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கவா?"

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை 'பாஸ்' என்பார்கள். சிங்களத்திலிருந்து வந்த மரியாதை. என் வீட்டில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

யோகேஸ் தான் முறுக்கிய கிளிப் ஒன்றை மீண்டும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

2. மேல்நோக்கிய வெற்றி

ஓட்டிப் பார்த்தேன். பாதி மிதி வரைக்கும் தங்கம். டர்போ விசில் அடிக்கத் தொடங்கியதும் எஞ்சின் விக்கியது, பிறகு மூச்சை விட்டது.

காரணம் பெரிய ரகசியமல்ல. டர்போ காற்றைக் கார்பரேட்டருக்குள் அமுக்குகிறது. அந்த அழுத்தம் பெட்ரோலையும் உள்ளே வரவிடாமல் தள்ளுகிறது. பழைய பம்புக்கு அதை எதிர்த்து நிற்க வலுவில்லை. பந்திக்கு இரண்டு மடங்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, உலையில் பழைய அளவு அரிசியையே போட்ட கதை.

எலக்ட்ரிக் பம்ப் ஒன்று போட்டோம். பெட்ரோல் லைனில் ஒரு ரெகுலேட்டர் வைத்து, டர்போ குழாயிலிருந்து அதற்கு ஒரு சின்ன ஹோஸ் இழுத்தோம். காற்றழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ, பெட்ரோல் அழுத்தமும் அவ்வளவு ஏறும். எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கும். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் ஒரு சைஸ் பெரிதாக்கினேன்.

சோதனை ஓட்டம் ஹட்டனிலிருந்து நுவரெலியா ரோட்டில். கார் சந்தோஷமாக ஏறியது. பிளக்கைக் கழற்றினால் பிஸ்கட் நிறம், அதாவது கலவை சரி. திரும்பி வந்து புஷ்பாவுக்கு எரிபொருள் நிர்வாகம் பற்றி ஒரு விரிவுரை ஆற்றினேன். அவர் கொட்டாவியை மரியாதையாக மறைத்துக்கொண்டார்.

3. காது அடைத்த இடம்

மறுநாள் யோகேசுக்குக் காலை வேலை. பிற்பகலில் கினிகத்தேனைக்குக் கீழேயிருந்து போன் வந்தது.

"பாஸ், ஏத்தத்துல மிதிச்சா, டின்னுக்குள்ள கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி சத்தம் வருது."

"கால எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன். ஓரங்கட்டி நிப்பாட்டியிருக்கேன்."

அந்தக் கால்தான் பிஸ்டனைக் காப்பாற்றியது. ஜெட் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பம்பா, ரெகுலேட்டரா, அடைப்பா என்று வழியெல்லாம் யோசித்தேன். நிறையப் படித்த மூளை. எளிய விஷயங்கள் அதில் தாமதமாகத்தான் ஏறும். வட்டவளை தாண்டி பஸ் இறங்கும்போது காது அடைத்தது. எச்சிலை விழுங்கினேன். காது திறந்தது, கூடவே மூளையும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோதனை ஓட்டம் என்றால் மேலே ஏறுவதுதான். இறக்கத்தை யாரும் சோதிப்பதில்லை. நியூட்ரலில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பார்கள். நானும் மலை மேல் மெல்லிய காற்றில் ஜெட்டை அளந்துவிட்டு, கீழே கனத்த காற்றுக்குக் காரை அனுப்பியிருக்கிறேன். கீழே போகப்போக டர்போவுக்கு இன்னும் நிறையக் காற்று கிடைக்கும். அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் என் ஜெட்டில் வராது. கலவை வறண்டு, சூடேறி, உள்ளே தட்டத் தொடங்கும்.

யோகேஸ் தேயிலை ஓரத்தில் குந்தியிருந்தார். கையில் குவாட்டர்ஸ் சாவி.

"வேணாம் பாஸ். இது தோதுப்படாது. நான் கீழேயே இருந்துக்கிறேன்."

"எஞ்சின் ஆறட்டும். அப்புறம் கோவிச்சுக்குங்க."

பிளக் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, அதாவது பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் ஆறியதும் இன்னும் பெரிய ஜெட்டைப் போட்டேன். அதே ஏற்றம், அதே மிதி. ஒரு தட்டுச் சத்தம் இல்லை. யோகேஸ் பாட்டுகூட முணுமுணுத்தார், ஹட்டனை நெருங்கும் வரை. அங்கே காற்று மெலிந்தது, பெட்ரோல் மிஞ்சியது. கார் இருமியது; பின்னால் கறுப்புப் புகை.

டிக்கோயாவில் தன் வீட்டு வாசலில் நின்று அவர் புதிய திட்டம் சொன்னார்: போகும்போதும் வரும்போதும் வட்டவளையில் நிறுத்தி ஜெட்டை மாற்றிக்கொள்வது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருவரும் ஸ்பேனர் சைஸ் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தோம்.

புஷ்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தினமும் ரோட்டுல குந்தி நட்டுக் கழட்டுறதுக்கு நீங்க குவாட்டர்ஸ்லயே இருக்கலாம். கார் வீடு வந்து சேந்திருச்சுல்ல? பொகஞ்சா பொகஞ்சுட்டுப் போகுது. சாவியக் குடுத்துட்டு வாங்க."

சாவி மறுநாளே திரும்பிப் போனது. பெரிய ஜெட் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

டர்போவில் கை வைக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன். கார் வாழும் இடத்தில் வைத்து ஜெட்டைத் தீர்மானிக்காதீர்கள். அது அதிகமாகக் காற்றை விழுங்கும் இடத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். பெட்ரோல் கூடினால் பிளக் கறுக்கும், பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். குறைந்தால் பிஸ்டன் உருகும். அதைத் தேய்க்க முடியாது.

இப்போதும் டிக்கோயாத் திருப்பத்தில் அந்தக் கார் இருமும். சத்தம் கேட்டதும் புஷ்பா தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.