முதலில் காய், பிறகு சோறு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள், முகம் உப்பிக் கழுத்தே தெரியாத காலத்துப் படத்தை ஏன் போட்டீர்கள் என்று கேட்கக்கூடும். அண்ணி எடுத்துக் கொடுத்த படம் அது. "அவுரு சிரிப்பு இதுலதான் நல்லா இருக்கு" என்றார். அதற்கு மேல் யார் பேச முடியும்?

அண்ணன் பிறந்தது கீழப்பழுவூரில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ஒரு பூக்கடைக்கு வேலைக்குப் போனார். சில வருடங்களில் அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டார். விடியும்போது வரும் பூ மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தால், கடை அடைக்கும்வரை வாழைநாரும் கையுமாகத்தான் இருப்பார். தங்கையான என் கல்யாணமும் தம்பியின் படிப்பும் அந்தக் கடையிலிருந்துதான் நடந்தன. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, மூன்று வேளையும் சோறு, நடுநடுவே வறுத்த முந்திரி. உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்? சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துச் சாம்பார் வாங்குவார். "அண்ணே, கரை ஒடையப் போவுது" என்று கேலி செய்தால், "வாய மூடிக்கிட்டு இன்னொரு கரண்டி ஊத்து" என்பார்.

ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. கூடவே கண்ணில் புரை. சிவப்பு ரோஜா எது, அரளி எது என்று தடவிப் பார்க்கும் நிலைமை. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று அரியலூரில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரைக்குப் பார்த்த டாக்டரம்மா மாத்திரை கொடுத்ததோடு, எடையைக் குறைக்க வேண்டும், நார்ச்சத்து நிறையச் சேர்க்க வேண்டும், காயையும் கீரையையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றார்.

"நாராம்மா? அதத்தான காலம்பூரா கட்டிக்கிட்டு அழுவுறேன்!"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நார்ச்சத்து முன்னால் போனால் சோறு மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறாது என்று பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்த அண்ணன் அதைத் தம் பாணியில் எங்களுக்குச் சொன்னார்: "உதிரிப்பூக் கூடையக் கவுத்தா மொத்தமாக் கொட்டிடும். நாருல கட்டியிருந்தா சரஞ்சரமாத்தான எறங்கும்? அவ்ளோதான் விஷயம்."

அண்ணி வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கும் நாரைத் தூக்கி எறிந்ததற்கு ஒரு நாள் பெரிய சண்டை. "டாக்டரம்மா நாரத் திங்கச் சொல்லுறாங்க, நீ பாத்துப் பாத்து அதையே எறியிற!" தண்டிலேயே வேண்டிய அளவு நார்ச்சத்து இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் ஓய்ந்தார். கொய்யாவைத் தோலோடு கடித்தார். ஜூஸ் கடையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனைக்கும் ஒரே காரணம் மகள். அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கழுத்தில் விழும் மாலையைத் தாமே கண்ணால் பார்த்துக் கட்ட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

திருமானூரில் நல்ல இடம் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்களே என்று பயந்து, அண்ணன் எங்கள் வாயைக் கட்டிவிட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் அங்கே சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். பந்தியில் அண்ணன் பாட்டுக்கு அவரைக்காய்ப் பொரியலை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சோறு வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். மாப்பிள்ளையின் அப்பா எதிரில் வந்து நின்றார்.

"என்னங்க, சோத்துல கை வைக்க மாட்டேங்கிறீங்க? பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லிடுங்க."

"ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க. வயிறு கொஞ்சம் சரியில்ல."

"வயிறு சரியில்லாதவரு மூணு தடவ அவரைக்காய் வாங்குவாரா?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்து சொன்னார்: "எனக்குச் சர்க்கரை இருக்குங்க. காயத் தின்னுட்டுத்தான் கொஞ்சம் சோறு திங்கணும். சர்க்கரை எறங்குனாத்தான் கண்ணு ஆபரேஷனாம். எம்பொண்ணு மாலைய நான் பாத்துக் கட்டணும். சொல்லாம மறச்சது தப்புதாங்க."

மாப்பிள்ளையின் அம்மா பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! இவருக்கும் சர்க்கரைதாங்க. நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு நாங்களும் மூடி வச்சிருந்தோம். காலையிலதான் ஒளிஞ்சு நின்னு ரெண்டு லட்டு தின்னாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் உடம்பில் அண்ணனுக்குச் சளைத்தவர் இல்லை. அசடு வழிய அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அவரைக்காய இங்கயும் வைங்க" என்றார். காயை முடித்தபின் இருவரும் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு வாங்கினார்கள். கல்யாணம் உறுதியானது.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே வைத்தியம், ஒரே வாக்குவாதம். நேரில் பார்த்தால் மச்சான் மச்சான் என்றுதான் பேச்சு. எந்த விசேஷத்திலும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். அண்ணனுக்கு எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது, கண் ஆபரேஷனும் நடந்தது. சம்பங்கியும் சிவப்பு ரோஜாவும் வைத்து, நூல் தொடாமல், நாரிலேயே மகளுக்கு மாலை கட்டினார். பேரன் முகத்தையும் தெளிவாகப் பார்த்தார். சென்ற ஆண்டு ஒரு நாள் சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவர், மறுநாள் ஆஸ்பத்திரியில் அமைதியாகக் கண்ணை மூடினார். பூக்கடையைத் தாண்டும்போது இன்றும் எனக்கு அழுகை வருகிறது. ஆனாலும் அவர் நிறைவாகத்தான் வாழ்ந்தார்.

கடைசி நேரத்தில் கார் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அன்று தங்கள் கடைகளை அடைத்துவிட்டு வந்த கடைத்தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சம்பந்தி அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் படையலில் அண்ணனுக்கு இலை போட்டோம். இனிமேல் அவருக்கு என்ன சர்க்கரை என்று நினைத்து, பழையபடி குவித்து வைக்கச் சோற்றை அள்ளினேன். சம்பந்தி என் கையைத் தடுத்தார்.

"செத்த இரும்மா. மச்சான் மொதல்ல காய முடிக்கட்டும்."

அவரைக்காயை வைத்துவிட்டு, சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நான் காத்து நின்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.