தங்கையின் கால்மேல் போட்ட பழி

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து குறை சொன்னது அபூர்வம். அப்படிப்பட்டவர் தன் சொந்த வண்டியின் கோளாறை ஒரு பருவம் முழுக்கத் தன் தங்கையின் கால்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே, விமானம் இறங்குவது நின்றுபோன பழைய ஓடுபாதையில் விடுமுறை நாட்களில் பந்தயம் நடக்கும். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். எல்லைக்கோட்டை முதலில் தாண்டியவருக்கு ஜெயம். மெக்கானிக்கின் வண்டி சின்னது. இன்ஜின் முன்னால், வண்டியை இழுக்கிற சக்கரங்களும் முன்னால். அந்த இன்ஜினைப் பிரித்துக் கோர்த்து, பிறந்தபோது இல்லாத பலத்தையெல்லாம் அதற்குக் கொடுத்திருந்தார். ஓட்டுவது தங்கை. பேக்கரி ஒன்றில் வேன் ஓட்டுகிறவள். குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே வேனை விட்டு, ரொட்டித் தட்டு ஒன்றுகூட நகராமல் நிறுத்துவாள்.

பலம் கூடியதும் வண்டி குதிக்க ஆரம்பித்தது. பச்சை விழும், தங்கை கிளட்சை விடுவாள், முன்சக்கரங்கள் உருளாமல் தடதடவென்று தரையை இடிக்கும். ஸ்டியரிங் கையில் துள்ளும். வண்டி நடுங்கி நகர்வதற்குள் பக்கத்து வண்டி பாதி தூரம் போயிருக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது மெக்கானிக் கத்திக்கொண்டே ஓடினார்.

"கிளட்ச இப்படியா விடுவாங்க? அது காலா, யானைக்காலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். தங்கை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அதன்பிறகு அந்தப் பேர் அவருடைய பிடியில் இல்லை. ஒலிபெருக்கியில் பேசுகிறவர் அதை ஒவ்வொரு வாரமும் சொன்னார். பார்க்க வந்தவர்கள் வழியாக அது பேக்கரி வரைக்கும் போயிற்று. மூட்டை ஏற்றுகிறவர்கள், "யானைக்கால் வந்தாச்சு, ஓரம் போங்கப்பா" என்று விளையாடினார்கள். ஒருநாள் சக்கரத்துக்குப் போகிற அச்சுத்தண்டு முறிந்தது. அதை மாற்றியும் அடுத்த பந்தயத்தில் வண்டி குதித்ததும் தங்கை சாவியைக் கொண்டுவந்து பட்டறை மேஜைமேல் வைத்தாள்.

"வேற யாரயாவது பாத்துக்கண்ணா. என் கால் சரியில்ல."

மெக்கானிக் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு அதற்கு முன்பே ஒன்று தெரியும். முறிந்த தண்டை மாற்றக் குழிக்குள் இறங்கியபோது, சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கீழ்க் கையைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்திருந்தார். அது முன்னும் பின்னும் தாராளமாக ஆடியது. அதன் மூட்டில் இருந்த ரப்பர் கிழிந்து வாய் பிளந்திருந்தது. பார்த்தார், கையைத் துடைத்தார், அப்புறம் கவனிக்கலாம் என்று மேலே ஏறினார். அந்த வாரமும் கத்தினார். கத்தும்போது ரப்பரின் ஞாபகம் வந்ததா என்று பிற்பாடு அவர் தன்னைத்தானே பலமுறை கேட்டுக்கொண்டார். வந்தது என்பதுதான் பதில்.

தங்கைக்குப் பதிலாக டயர்க் கடைக்காரர் ஓட்ட வந்தார். பல வருடம் பந்தயம் பார்த்தவர். அவர் காலிலும் வண்டி அப்படியே குதித்தது. இரண்டாவது முயற்சியில் ஸ்டியரிங் உதறியதில் அவர் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. கையைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"யோவ், இந்தக் கழுதய வச்சுக்கிட்டா அந்தப் பொண்ண அவ்வளவு பேர் முன்னாடி திட்டின?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார்.

"வயிறா, மனசா?" என்றாள் அவள். "உன் தங்கச்சி இங்க வந்து எவ்வளவு நாளாச்சுன்னு யோசிச்சியா?"

மறுநாள் பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தார். கோளாறு ஒன்றும் மாயமில்லை. சக்கரம் தரையைப் பிடிக்கும்போது கீழ்க் கையை முன்னால் இழுக்கிறது, ரப்பர் நசுங்குகிறது, பிடி விட்டதும் ரப்பர் அதைத் திருப்பித் தள்ளுகிறது, சக்கரம் மறுபடி பிடிக்கிறது. இந்த இழுபறிதான் குதிப்பு. புது ரப்பர் போட்டார். இவ்வளவு பலத்துக்கு அது மட்டும் போதாது. ஆகவே தடித்த குழாய் ஒன்றை வண்டியின் முகப்புக்குக் கீழே குறுக்காகச் சட்டத்தில் முடுக்கி, அதிலிருந்து இரண்டு கம்பிகளை இரண்டு கீழ்க் கைகளுக்கும் கொண்டுபோனார். கம்பியின் முனைகளில் உருளும் மூட்டு. சக்கரம் மேடு பள்ளத்துக்கு ஏறி இறங்கலாம். முன்னே பின்னே போக முடியாது. பந்தயக்காரர்கள் இதை டிராக்‌ஷன் பார் என்பார்கள். சிலர் அதை முன்பே அவரிடம் சொல்லியிருந்தார்கள். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அதெல்லாம்" என்று அவர்தான் தட்டிவிட்டிருந்தார்.

ஓடுபாதையில் தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒருமுறைகூடக் குதிக்காமல் கயிறு கட்டி இழுத்த மாதிரி கிளம்பியது. அவருக்கு சந்தோஷம் வரவில்லை.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மச்சான், "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கால்ல ஒண்ணுமில்லம்மா. வண்டிதான். ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு."

"எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தண்டு மாத்தும்போதே பாத்துட்டேன்."

தங்கை கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்தாள்.

"இப்பல்லாம் வேன்ல கிளட்ச் விடும்போது கால் நடுங்குதுண்ணா. சிக்னல்ல வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறேன். பின்னாடி ஹாரன் அடிக்கிறான். அதுக்கு இன்னும் நடுங்குது. உனக்குத் தெரியுமா அது?"

அவருக்குத் தெரியாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அடுத்த பந்தயத்துக்கு அவளே வந்தாள். ஒரே ஒரு ஓட்டம், அதுவும் தனக்காக என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மெக்கானிக் ஒலிபெருக்கிக்காரரிடம் போய், அந்தப் பேரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"வச்சதே நீங்கதான?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

"ஆமா. தப்பு என்னுது. வண்டியில கோளாறு, அத வச்சுக்கிட்டு அவளக் குத்தம் சொன்னேன். இத வேணா மைக்ல சொல்லுங்க."

அவர் அதை மைக்கில் சொல்லவில்லை. யானைக்கால் என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அதை மெக்கானிக்கால் தடுக்க முடியவில்லை.

பச்சை எரிந்தது. கிளட்ச் அவள் காலிலிருந்து வழுவழுவென்று விடுபட்டது. கோட்டைத் தாண்டிய பிறகும் வேகத்தைக் குறைக்காமல் ஓடுபாதையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். சாவியைக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"போதும்ணா. தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்."

அதோடு அவள் பந்தயத்தை விட்டாள். அண்ணனோடு பேசுவதை விடவில்லை. வீட்டு விசேஷங்களுக்கு வருகிறாள், பேக்கரி வேனைச் சரிபார்க்க அவரிடமே விடுகிறாள். வேலை முடிந்து எங்காவது போக வேண்டியிருந்தால் அவரை ஏற்றிக்கொண்டும் போவாள். ஆனால் தான் ஓட்டும்போது, தன் கால் தெரிகிற பக்கத்து இருக்கையில் அவரை உட்கார விடுவதில்லை. அவரும் ஏன் என்று கேட்பதில்லை. பின்கதவைத் திறந்து, காலித் தட்டுகளை ஒதுக்கி, அவற்றுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறார்.