கேட்காமல் அவிழ்த்த மூட்டை

தாம்பரத்து மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால் யாரும் எழுந்து நிற்பதில்லை. வேர்க்கடலை உரிப்பவர் உரித்துக்கொண்டே இருக்கிறார். ஆபீஸ் போகிறவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சீசன் டிக்கெட்டை நீட்டுகிறார். இந்த ஊரில் எனக்கு முதலில் விநோதமாகப் பட்டது இதுதான். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த உங்களில் பலருக்கும் அப்படிப் பட்டிருக்கும்.

நாம் கிளம்பிய நாளின் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். மேஜைக்குப் பின்னால் காக்கி உடை. வரிசை நகரும்போதே மூட்டையை அவிழ்த்து, சட்டைப் பையை வெளியே இழுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோம். செருப்பின் அடித்தோலுக்குள் தங்கம் தைத்திருப்போமாம். கேட்பதற்கு முன்பே காட்டிவிட்டால் அடி விழாது என்று யாரோ சொல்லி, எல்லாரும் பழகிக்கொண்டோம். வழியனுப்ப வந்த அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான். பர்மியப் பெண்ணைக் கட்டியவன், அங்கேயே தங்கிவிட்டான். கலைத்துப் போட்ட மூட்டையை நான் திரும்பக் கட்டி நிமிர்ந்தபோது அவனைக் காணவில்லை. காக்கிக்காரர்கள் வெளியே தள்ளியிருப்பார்கள். அங்கே நாம் ‘கலா’, அதாவது இந்தியாக்காரர்கள். இங்கே வந்ததும் நான் பர்மாக்காரன்.

பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் ரயிலில் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. துண்டு, மாற்று லுங்கி, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் பலகையில் பரப்பினேன். செருப்பைக் கையில் ஏந்தி எழுந்து நின்றேன்.

“இன்னாய்யா இது? டிக்கெட் எங்க?” என்றார் பரிசோதகர்.

டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, “சந்தை போட்டுகினு கீறாரு சார். செருப்பு இன்னா வெலை அண்ணாத்தே?” என்றாள். பெட்டியே சிரித்தது. பரிசோதகர் சிரிக்கவில்லை. எந்த ஊர் என்றார். ரங்கூன் என்றேன்.

“ஓ, பர்மாவா. ஃபாரின் சாமான் வச்சிருக்கியா?”

தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். சோறு இருந்தது.

அதன் பிறகு ரயில் சத்தம் கேட்டாலே விரல் மூட்டை முடிச்சைத் தேடும். பஸ்ஸில் போகலாமென்றால் கண்டக்டருக்கும் காக்கி. ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக நடந்தே போனேன். தினமும் சங்கு ஊதிய பிறகுதான் போய்ச் சேர முடிந்தது. மேஸ்திரி கடைசியில் சொல்லிவிட்டார்: “நாளைக்கும் லேட்டா வந்தியானா அப்படியே திரும்பிப் போய்க்கினே இரு.” அந்த வேலை போனால் வேறு கதி இல்லை.

அன்று சாயங்காலம் கடப்பேரியில் என் அறைச் சுவரில் கறுப்புக் குடையைத் தொங்கவிட்டேன். அதுதான் பரிசோதகர். பேசிப் பழக வேறு ஆள் கிடையாது. மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். குடையைப் பார்த்ததும் விரல் முடிச்சுக்குப் போனது. விரலை இழுத்து முழங்கால் மேல் வைத்து மூச்சு அடங்கும்வரை காத்திருந்தேன். மறுபடி குடையைப் பார்த்தேன். “டிக்கெட் இதோ” என்று உரக்கச் சொன்னேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, பாடம் இப்படித்தான் ஏறும். விளக்கேற்றும் நேரத்தில் விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் வண்டி சானடோரியம் தாண்டியதும் அதே கறுப்புக் கோட்டு வந்தது. அதே மீன்காரம்மாவும் இருந்தாள். “இன்னிக்கு கடை லீவா அண்ணாத்தே?” என்றாள்.

உட்கார்ந்தபடியே டிக்கெட்டை நீட்டினேன். அவர் மூட்டையைப் பார்த்தார்.

“உள்ள இன்னா?”

“சோறு சார். மத்தியானம் பிரிப்பேன்.”

குரல் நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விரல் அசையவில்லை. அவர் மீன்காரம்மா பக்கம் திரும்பினார். “உன் கூடைக்கு டிக்கெட் எங்க?”

“அது கொழந்த சார்” என்றாள்.

பார்த்தாயா என்று சொல்வதற்காகப் பின்னால் திரும்பினேன். அண்ணன் அங்கே நிற்பான் என்பதுபோல. குரோம்பேட்டை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பல்லாவரத்தில் எழுந்தபோதுதான் கவனித்தேன். மூட்டையின் முடிச்சு கட்டியபடியே இருந்தது. இடது கால் செருப்புக்குள் இருந்தது. வலது கால் மட்டும் எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் நின்றது.