பெட்டி நசுக்குபவரின் விண்கலம்

குடும்பத்தில் அவருக்கு வழங்கிவந்த பெயர் கப்பல். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. அவர் காதுக்கு எட்டாத தொலைவில் வேறு பெயரால் குறிப்பிட்டதும் இல்லை. கடலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. படகைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றுகிற உடம்பு அவருடையது. ஜப்பானிலிருந்து வரவழைத்துச் சேர்த்துவைத்திருந்த பொம்மை விண்கலங்களாலும், அவை மடங்கி நிமிர்ந்து கைகால் முளைத்து ராட்சத ரோபோக்களாக மாறிய விந்தையாலும் வந்த பெயர் அது.

பிழைப்புக்கு அவர் செய்தது பெட்டி நசுக்கும் வேலை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில், புதிதாகச் செய்த பெட்டியை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே நிறுத்தி, மேல் தகட்டை மெல்ல இறக்கி, எந்தப் பாரத்தில் அதன் முதுகு ஒடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணியை அவர் கண்ணிமைக்காமல் செய்தார். நல்ல பெட்டி, கெட்ட பெட்டி என்ற பாகுபாடு அவரிடம் இல்லை. எல்லாம் தகட்டுக்கடியில் போய்த்தான் ஆகவேண்டும். அதே மனிதருக்கு, வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டியொன்றின் மூலை சற்றே மழுங்கியிருந்தால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது.

இந்த முரண்பாடு தொடங்கியதும் அந்தத் தகட்டுக்கடியில்தான். ஒரு வாடிக்கையாளர் தம் வீட்டிலிருந்த பழைய பெட்டியொன்றை அனுப்பி, இதே கனத்தில் பெட்டி வேண்டும், இது எவ்வளவு தாங்குகிறதென்று பாருங்கள் என்று கேட்டிருந்தார். பெட்டியின் முகப்பில் சிவப்பும் நீலமுமாக ஒரு ரோபோ, பார்ப்பவர் மூக்கைப் பெயர்ப்பதுபோல் முஷ்டியை நீட்டிக்கொண்டு நின்றது. தகடு பாதி இறங்கியபோது விசையிலிருந்த அவர் விரல் தானாக நின்றது. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெட்டியைத் தமக்கே கொடுத்துவிடும்படி கெஞ்சி வாங்கிக்கொண்டார். அதற்குரிய பொம்மையையும் வாடிக்கையாளர் பின்னாலேயே அனுப்பிவைத்தது அப்போது அவருக்கு உபரி மகிழ்ச்சி.

ஒன்று பத்தாகி, பத்து பலவாகி, கூடத்து அலமாரி நிரம்பி வழிந்த காலத்தில் அவருடைய ஒரே மகளுக்குத் தொலைவில் வேலை கிடைத்தது. அவள் அறை காலியாயிற்று. கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு விண்கலங்களை அங்கே குடிவைத்தார். மனைவி தடுக்கவில்லை. “அங்க எனக்கு என்ன வேலை” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த அறை வாசலை அவள் மிதிக்கவில்லை. பொம்மைகள்மேல் அவளுக்கு வெறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த அனுமானம் அவருக்கு வசதியாகவும் இருந்தது.

இங்கே ஸ்டிக்கர் தாள் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய ஜப்பானியப் பொம்மைகளோடு ஒரு தாள் வரும். இறக்கைக்குச் சிவப்புக் கோடுகள், மூக்குக்கு எண்கள், ரோபோவின் மார்புக்கு மஞ்சள் அம்பு என எல்லாம் அதில் இருக்கும். வாங்கிய குழந்தை உரித்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். எந்தக் குழந்தையும் ஒட்டாமல் பொறுத்திருந்ததில்லை என்பதால் உரிக்காத தாள் அரிதாயிற்று. அரிதானதால் மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததால் இனி யாரும் உரிக்கக்கூடாது என்றாயிற்று. ஒட்டுவதற்கென்றே பிறந்த பொருளுக்கு ஒட்டப்படாமல் இருப்பதே பெருமை என்ற இந்த ஏற்பாட்டில் ஏதோ இடிக்கிறதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்களிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியவர்கள் எல்லாரும் அவரைப் போலவே தாள் வைத்திருந்தவர்கள்.

அவரிடம் இருந்தவற்றில் முதன்மையானது மூன்று துண்டாகப் பிரிந்து ரோபோவாக எழும் ஒரு நீண்ட சாம்பல்நிற விண்கலம். அதன் தாள் ஒரு நுனிகூட உயராமல் முழுமையாக இருந்தது. சேகரிப்பாளர்களின் தொலைபேசிக் குழுவில் ‘முழுத்தாள்’ என்றால் அவர்தான். குழுவுக்குத் தலைவரான பல் டாக்டர், அந்த ஆண்டுக் கண்காட்சியின் நடு மேசையைக் கலத்துக்கும் தாளுக்கும் ஒதுக்கியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை தாமே வந்து எடுத்துச்செல்வதாகவும் அறிவித்திருந்தார். பெட்டி நசுக்குபவரை வாழ்நாளில் யாரும் நடுவில் வைத்ததில்லை. கல்யாணப் புகைப்படத்திலேயே அவர் ஓரமாகத்தான் நிற்கிறார்.

அதற்கு முந்தின வாரம் பித்தப்பையில் கல் என்று அவரை மருத்துவமனையில் சேர்த்து, பையையே எடுத்துவிட்டார்கள். அவர் அங்கே படுத்திருந்தபோது பெருமழை பெய்தது. மகளின் அறைச் சன்னல் காற்றில் அடித்துக்கொண்டது. மூடுவதற்காக மனைவி உள்ளே போனாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்கக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. சீட்டு கோணினால் இயந்திரம் படிக்காது; படிக்காவிட்டால் ஒருவர் இரத்தம் இன்னொருவர் கணக்கில் போய்விடும். ஆகவே அவள் கையில் கோணல் என்பது கிடையாது. சன்னலை மூடித் திரும்பியவள் கண்ணில், பெட்டிமேலிருந்த படமும் பக்கத்திலிருந்த கலமும் பட்டன. படத்தில் கோடும் எண்ணுமாக ஜொலித்தது. நேரில் மொட்டையாக நின்றது. பக்கத்திலேயே தாள். ஆசைப்பட்டு வாங்கிய மனுஷனுக்குக் கண் மங்கிவிட்டது, ஒட்ட முடியாமல் வைத்திருக்கிறார், வெளியே சொல்ல வெட்கம் என்று அவள் முடிவு கட்டினாள். சிறு இடுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பசை வறண்டுபோன இடங்களுக்குப் புதுப்பசை தடவினாள்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று, அவரை நேரே அந்த அறைக்குத்தான் அழைத்துப்போனாள். தையல் பிரிந்துவிடும் என்பதால் சிரிக்கக்கூடாது, இருமக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அலறுவதைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. அவர் அலறவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கலம் கோடும் எண்ணும் அம்புமாக நின்றது. தாள் எங்கே என்று கேட்டார். வெறும் மெழுகுத்தாள்தானே, குப்பையில் போட்டாயிற்று என்றாள். பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லியாகவேண்டும். பெட்டிகளைப் பற்றி இத்தனை காலம் பொய் எழுதாத மனிதர், அந்தக் கணத்தில் கைக்கெட்டிய ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டார்.

“துளிகூடக் கோணல் இல்லை.”

“இல்லாம? என் வேலையே அதானே.” அவள் தரையில், முன்பு கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். “இந்த ரூமுக்குள்ள வந்தாலே அவ ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும்ங்க. அதான் எட்டிப் பாக்கறதே இல்லை. உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தப்போ ஒண்ணும் தெரியலை. மழை விட்டதுகூடத் தெரியலை.”

பொம்மை வெறுப்பு என்று தாம் வசதியாக எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. இழந்ததை அவர் அளந்து பார்த்தாயிற்று. அது போனது போனதுதான். இனி இழக்கக்கூடியது ஒன்றுதான் பாக்கி: ஒட்டியதால் எதைக் கெடுத்தோம் என்று தெரிந்தால் இவள் மறுபடி இந்த வாசலை மிதிக்கமாட்டாள். அந்தத் தகவல் அவள் காதுக்கு எட்டாமல் காப்பதே இனித் தம் பொறுப்பு என்று நிச்சயித்தார். எட்டச் செய்யக்கூடிய ஒரே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்.

பல் டாக்டரைக் கூப்பிட்டு, உடம்பு முடியவில்லை, எழுந்திருக்க ஆகாது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் பரிவோடு சொல்லிவிட்டார். பரிவைத் தட்டிக்கழிக்க வழி ஏது.

ஞாயிறன்று நோயாளியைப் பார்க்க மனைவியின் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். இந்தச் சகலை, பிறர் வீட்டுச் சங்கடங்களை ஒன்றும் தவறவிடாதவர். டாக்டர் வந்ததும் அவருக்குப் பின்னாலேயே அறைக்குள் நுழைந்தார். டாக்டர் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டினார். கலத்தின்முன் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

“சார், இதை யார் ஒட்டினது?”

வாசலில் மனைவி பழச்சாற்றுத் தட்டோடு வந்து நின்றாள். உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை; அவர் பார்த்ததெல்லாம் டாக்டரின் வாயை. அது அடுத்தபடி திறந்தால் என்ன வரும் என்பதை.

“நான்தான் டாக்டர். ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி. ரொம்ப நாள் ஆசை.”

நல்ல பற்களையெல்லாம் தானே பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல் டாக்டர் பார்த்தார். ஓரத்து மேசை ஏதாவது காலி இருந்தால் தகவல் சொல்வதாக முனகிவிட்டு, பழச்சாற்றைத் தொடாமல் போய்விட்டார். அன்று மாலையே குழுவில் ‘முழுத்தாள்’ என்ற பட்டம் உதிர்ந்தது.

அவரோ பெருமூச்சு விட்டார். தப்பித்தோம் என்று நினைத்த அந்த மூச்சு முடிவதற்குள் தட்டு மேசைமேல் ஓசையோடு இறங்கியது.

“நீங்களா ஒட்டினீங்க?”

சகலைக்கு அன்று வந்ததன் பலன் கிடைத்துவிட்டது. “என்ன சகலை, பித்தப்பையோட சேத்து வெட்கத்தையும் எடுத்துட்டாங்களா?”

அதன்பின் வீட்டில் நிலவிய மௌனத்தை விவரிக்க வேண்டியதில்லை. மருந்து வேளைக்கு வந்தது, உணவு வேளைக்கு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. தங்கை வழியாகச் செய்தி உறவு முழுக்கப் பரவியது. மனைவி இராப்பகலாகக் கண்விழித்துச் செய்த வேலையைத் தம் வேலையென்று பெரிய மனிதரிடம் சொல்லிக்கொண்டவர் என்ற பெயர், கப்பல் என்ற பெயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவள் கண்விழிக்கவில்லை, பகலில்தான் ஒட்டினாள் என்பதை இங்கே நியாயமாகக் குறிப்பிட வேண்டும். மகள்கூடத் தொலைபேசியில், “ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டாள். ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாக் களங்கமும் துடைபட்டுவிடும். அந்த வாக்கியத்தைப் படுத்தபடியே பலமுறை அமைத்துப் பார்த்தார். எப்படி அமைத்தாலும் அதன் முடிவில் ஓர் அறைக்கதவு சாத்திக்கொண்டது.

கடைசியில் மனைவியே தொலைபேசியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

“அந்த டாக்டருக்குப் போட்டு, ஒட்டினது என் பொண்டாட்டின்னு சொல்லுங்க. நானும் கேக்கணும்.”

ஒலிபெருக்கியை அவளே அழுத்தினாள். அந்தப் பக்கம் பல் குடையும் இயந்திரத்தின் ரீங்காரம் கேட்டது. அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார். ரீங்காரம் நின்றது.

“சார், உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“ஸ்பீக்கர்ல இருக்கு டாக்டர்.”

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஒன்றும் வரவில்லை. தகடு இறங்கும்போது எந்த நொடியில் பெட்டி ஒடியும் என்பது அவருக்குக் காதாலேயே தெரியும். இப்போது அந்த நொடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

“அம்மா, நான் பல்வரிசை கட்டுறவன்,” என்றார் டாக்டர். “என் கைக்கே இவ்வளவு நேரா வராது. அன்னைக்கே நினைச்சேன், சார் கைவேலையா இருக்காதுன்னு.” சற்று நிறுத்தி, “சாரை நல்லாப் பாத்துக்கங்க. அவரு நல்ல மனுஷர்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைசிப் பேச்சு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. மரியாதைக்குச் சொன்னது என்று விட்டுவிட்டாள். முதல் பேச்சு போதுமானதாக இருந்தது. தங்கையைக் கூப்பிட்டு அதை வரிவிடாமல் ஒப்பித்தாள்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியதும், கைகால் கழுவிக்கொண்டு, அழைக்காமலே அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். அலமாரிப் பெட்டிகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே நிற்கும் பொம்மைகளைப் பார்த்தாள். எல்லாம் மொட்டையாக நின்றன.

“இதுக்கெல்லாமும் தாள் இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் இழுப்பறையைத் திறந்தார். அதிலிருந்தவற்றில் மிகவும் அற்பமான, மூலையில் ஏற்கெனவே கறைபட்ட தாளொன்றைத் தேடி எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே நின்றது, அவர் நசுக்காமல் விட்ட முதல் பெட்டியின் ரோபோ.

“அதைப் பண்ணலாம். பாவமா நிக்குது.”

அதன் தாளை எடுக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. தையல் வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: முதல் ஸ்டிக்கரை அவர்தான் ஒட்டுவார். அவள் இடுக்கியைக் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மார்புக்குரிய சிவப்புப் பட்டையை நுனியில் பற்றி உரித்தார். இத்தனை காலம் காத்த பசை ஒரு சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. நடுவில் வைத்து விரலால் அழுத்தினார். பட்டை ஒரு பக்கம் சாய்ந்து, ரோபோவுக்குத் தோள் இறங்கினாற்போல் ஆயிற்று.

அவள் இரண்டு நகங்களால் அதைத் தூக்கி, நேராக்கி, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டாள்.

“இந்தக் கையை வெச்சுக்கிட்டா அந்த டாக்டர்கிட்ட நான்தான்னு சொன்னீங்க?” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்ததை உரித்தார்.