சொந்தக்காரங்களுக்கு வாடகை இல்ல

அடுத்தவங்க வீட்டுச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியற வேலை இருக்கே, அது பாக்கத்தான் லேசு. உங்ககிட்டயும் யாராவது ஒரு சாவிய நீட்டி, "சும்மா அப்பப்ப பாத்துக்கம்மா"ன்னு சொல்லியிருந்தா வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே கட்சி.

என் பேரு பார்வதி. மலேசியாவுல, கேமரன் மலை பிரிஞ்சாங்ல, தேயிலைக் காட்டைப் பாத்தாப்ல நிக்கிற ஒரு மாடி வீட்டைக் கூட்டறது, கழுவறது, மெத்தை விரிக்கிறது எல்லாம் நான்தான். கீழ் ரூம்ல நானும் என் வீட்டுக்காரரும் இருக்கோம். அவரு பக்கத்து ஊரு கோலா தெர்லாவுல காய்கறி லோரி ஓட்டறவரு, பாதி நாள் ரோட்லதான் இருப்பாரு. மேல மூணு ரூம். வீடு சிங்கப்பூர்ல இருக்கற சாந்தா அக்காவோடது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்த நர்ஸ் அவங்க. வேலைய விட்டப்ப வந்த காசுல இந்த வீட்டை வாங்கினாங்க. சாவிய என் கையில குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "பார்வதி, இந்தக் குளிர்ல இழுத்துப் போத்திக்கிட்டு ஒரு வாரம் தூங்கணும். அதுக்குத்தான்லா வாங்கினேன்."

வாங்கி ரெண்டு வருஷம் வரைக்கும் அவங்க தலை இந்த வீட்டுத் தலகாணியில படவே இல்ல. காரணம், அவங்க வீட்டுக்காரர் மனோகரன் அண்ணன். மனுஷன் தங்கம். ஆனா வீடு வாங்கின குஷியில குடும்ப வாட்சப் குரூப்ல இப்படிப் போட்டுட்டாரு: "கேமரன்ல நம்ம வீடு இருக்கு. சொந்தக்காரங்களுக்கு வாடகை இல்ல. எப்ப வேணும்னாலும் வாங்க." எப்ப வேணும்னாலுமாம்! யாராவது எழுதுவாங்களா அப்படி?

சட்டம் பொறந்த கதை

மொத ஸ்கூல் லீவுக்கே மூணு குடும்பம் ஒரே நாள்ல வந்து இறங்கிருச்சு. மூணு பேரும் "அண்ணன் எங்களத்தான் வரச் சொன்னாரு"ன்னு நிக்கறாங்க. சமையக்கட்டுல ஒருத்தி ரசம் வைக்கிறா, இன்னொருத்தி அதே அடுப்புக்கு மீனைக் கழுவிக்கிட்டு நிக்கறா. கடைசியில ஒரு குடும்பம் ஹால்ல, ஒரு குடும்பம் மாடிப்படிக்குக் கீழ. நான் சாந்தா அக்காவுக்கு போன் போட்டு அழாத குறை.

அக்கா நர்ஸாச்சே, உடனே வார்டு மாதிரி சட்டம் போட்டுட்டாங்க. ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கக்கூடாது. முன்கூட்டியே சொல்லணும், சொல்லாம வந்தா கட்டில் கிடையாது. சொந்தக்காரங்க மட்டும்தான், சிநேகிதக்காரங்க கூடாது. சமைச்ச சட்டிய நீங்களே கழுவணும். நான் அதைப் பெரிசா எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டினேன். அண்ணன் குரூப்லயும் போட்டாரு. காலை வணக்கம் ரோஜாப்பூவுக்கு நடுவுல அது யாரு கண்ணுல பட்டுச்சோ தெரியல, பதில் போட்டது ஒரே ஒருத்தர்தான், அண்ணனோட கிள்ளான் மாமா. "சட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள, ஆனா இது வெளியாளுங்களுக்குத்தானே?"

யாரு பெத்த புள்ளைங்களோ

ஒரு நாள் காலையில ஒரு வேன் வந்து நின்னுச்சு. இறங்கினவரு வாயெல்லாம் பல்லு. "நாங்க சொந்தக்காரங்கதான்மா. ஈப்போ ராசு சொல்லி அனுப்பினாரு"ன்னாரு. எந்த ராசு, எந்த வழி சொந்தம்னு நான் யோசிக்கறதுக்குள்ள பெட்டி படுக்கை எல்லாம் மாடி ஏறிருச்சு. ஓரமா போய் அண்ணனுக்கு போன் போட்டேன். ஆளு எப்படி இருக்காரு, மீசை இருக்கா, கூட யாரு வந்திருக்கான்னு எல்லாம் கேட்டாரு. அப்புறம் மெதுவா, "எனக்கும் யாருன்னு தெரியல பார்வதி. ஆனா கேட்டா தப்பா நினைப்பாங்க. காப்பி போட்டுக் குடு"ன்னுட்டாரு.

போட்டேன். ரெண்டு நாளும் போட்டேன். பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் சோளமும் ஸ்ட்ராபெரியும் எங்க நல்லாருக்கும்னு காட்டினேன். நல்ல ஜனங்கதான், சொல்லக்கூடாது, சட்டியக் கூட கழுவி வெச்சாங்க. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும், சொந்தக்காரங்க எங்க சட்டி கழுவறாங்க? கிளம்பறப்ப அந்த மனுஷன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு: "ஓனருக்கு எங்க நன்றியச் சொல்லிருங்கம்மா. ஆமா, அவரு பேரு என்ன?"

பனிக்கு யாரு பொறுப்பு

சிங்கப்பூர்ல இருந்து அண்ணனோட ஒண்ணுவிட்ட தம்பி பையன் ஒருத்தன் வந்தான், புதுப் பொண்டாட்டியோட. சும்மா சொல்லக்கூடாது, ரெண்டே ராத்திரிதான். போத்திக்கக் கம்பளி, கம்போங் ராஜா தோட்டத்துல இருந்து வாங்கின பச்சைக் காய்ல குழம்பு, எல்லாம் குடுத்தேன். போறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தான். என்னப்பா ஆச்சுன்னு கேட்டேன். "ரெண்டு நாளும் ஒரே பனி, தேயிலையே தெரியல. காசு குடுத்து வந்திருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன் ஆன்ட்டி."

திருச்சி சித்தப்பா

இது கொஞ்சம் பெரிய கதை. அண்ணனோட சித்தப்பாவும் சித்தியும் திருச்சியில இருந்து ஊர் சுத்திப் பாக்க வந்தாங்க. கை நிறைய ஊறுகாய், அப்பளம், சித்தப்பா கக்கத்துல பஞ்சாங்கம். சாந்தா அக்கா அந்த வாரக் கடைசிக்கு பஸ் டிக்கெட் எடுத்து வெச்சிருந்தாங்க. "ரெண்டு ராத்திரிதானே பார்வதி, அவங்க கிளம்பினதும் நான் வந்துடறேன்"ன்னு சின்னப் புள்ள மாதிரி சந்தோஷப்பட்டாங்க. புது பெட்ஷீட் கூட வாங்கி வெக்கச் சொன்னாங்க.

மூணாம் நாள் வியாழக்கிழமை. பெட்டியக் கட்டலாமான்னு கேட்டேன். சித்தப்பா பஞ்சாங்கத்தப் பிரிச்சாரு. தெக்க சூலமாம், கோலாலம்பூர் தெக்கதானே இருக்கு, போகக்கூடாதாம். வெள்ளிக்கிழமை மேக்க சூலம். மலைய விட்டு மேக்கதான் இறங்கணும், அதுவும் ஆகாதாம். சனிக்கிழமை அஷ்டமி. ஞாயித்துக்கிழமை நவமி. திங்கக்கிழமை சித்திக்குச் சந்திராஷ்டமம். எங்கயாவது ஒரு நல்ல நாள் இருக்கான்னு நானே அந்தப் புஸ்தகத்த வாங்கிப் பொரட்டினேன், எனக்கு ஒண்ணும் புரியல. சிங்கப்பூர்ல அக்கா டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. "பரவாயில்ல, பெரியவங்க"ன்னு போன்ல சொன்னாங்க, அப்புறம் அந்தப் புது பெட்ஷீட்டை மடிச்சு உள்ள வெக்கச் சொன்னாங்க. நேரா மேல போய், "ஏன் சித்தப்பா, வர்றப்ப மட்டும் சூலம் இல்லாம போச்சா?"ன்னு கேட்டே கேட்டுட்டேன். அவரு அப்பளத்த நொறுக்கிக்கிட்டே சொன்னாரு: "வர்றப்ப நாங்க பிளைட்ல வந்தோம். ஆகாசத்துக்கு ஏதும்மா சூலம்?"

முன்கூட்டியே

இவங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிடற ஒரு ஆள் உண்டு. அண்ணனோட தங்கச்சி வசந்தா. ஈப்போக்காரி. வீடு அண்ணன் வாங்கினது, அண்ணன் வீடுன்னா தங்கச்சிக்குப் பாதின்னு அவ கணக்கு. வந்தா பெரிய ரூம்தான் வேணும். என் சமையக்கட்டு டின்னை எல்லாம் இடம் மாத்தி வெச்சுட்டுப் போவா, உப்பைத் தேட எனக்கு ஒரு வாரம் ஆகும்.

ஒரு தடவை கேட்டுக்கு வெளிய காரை நிறுத்திட்டு ஹாரன் மேல ஹாரன். உள்ள ஏற்கெனவே கிள்ளான் மாமா குடும்பம். முன்கூட்டியே சொல்லணும்னு சட்டம் இருக்கே வசந்தான்னு கேட்டேன். கண்ணாடிய இறக்கிட்டு, கொஞ்சமும் சிரிக்காம சொன்னா: "அதான் இப்பச் சொல்றேன்லா, நான் இன்னும் உள்ள வரலையே!"

சாந்தா அக்கா வந்தாங்க

போன வருஷக் கடைசி லீவு. வசந்தா, அவ புருஷன், புள்ளைங்க, புருஷனோட தம்பி குடும்பம்னு மேல மூணு ரூமும் ரொம்பிருச்சு. சாயங்காலம் பொசுபொசுன்னு தூறல். கதவத் தட்டற சத்தம் கேட்டுத் திறந்தா, நனைஞ்ச தலையோட சாந்தா அக்கா. கையில ஒரே ஒரு பை. யார்கிட்டயும் சொல்லலையாம், அண்ணன்கிட்ட கூட. "சொன்னாத்தானே அவரு யாரையாவது அனுப்பி வெக்கறாரு, அதான் திடீர்னு கிளம்பி வந்துட்டேன்"னாங்க.

"அக்கா, மேல மூணு ரூமும் ஃபுல்லு"ன்னு சொன்னேன். அதைச் சொல்றப்ப எனக்கே வெக்கமா இருந்துச்சு, வீட்டுக்காரிகிட்ட வீட்ல இடமில்லைன்னு சொல்ற வேலை எனக்கு எதுக்கு? அக்கா பைய மாடிப்படி ஓரமா வெச்சாங்க. "என் சட்டம்தானே பார்வதி, சொல்லாம வந்தா கட்டில் கிடையாது"ன்னு சிரிக்கப் பாத்தாங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் வீட்டுக்காரரு அன்னிக்கு லோரியோட வெளியூர்ல, அக்காவுக்கு என் கட்டிலக் குடுத்தேன். நான் பாய விரிச்சுக்கிட்டேன். எங்க தூங்கறது? மேல பலகைத் தரையில புள்ளைங்க திங்கு திங்குன்னு குதிக்குதுங்க, வசந்தா மச்சினன் காராவோக்கேல கத்தறான். நடுவுல வசந்தா குரல் தெளிவா இறங்கி வருது, அண்ணிக்கு ரசனையே கிடையாது, இந்தக் கர்ட்டனைப் பாருன்னு.

விடிஞ்சதும் வழக்கம்போல டீ கலக்கினேன். அக்கா எழுந்து மூஞ்சியக் கழுவிட்டு, "குடு, நான் கொண்டு போறேன்"ன்னு தட்டை வாங்கிக்கிட்டாங்க. நான் பின்னாலயே போனேன், விடுவேனா? வசந்தா போனைப் பாத்துக்கிட்டே கையை நீட்டி ஒரு வாய் குடிச்சா. "பார்வதி, சீனி கம்மி"ன்னா. அப்புறம்தான் நிமிந்தா. மூஞ்சில ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஆனா வாய் மட்டும் விடல: "ஐயோ அண்ணி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு மெத்தை ஒதுக்கி வெச்சிருப்போமே!"

அக்கா தட்டை மேசையில வெச்சாங்க. பெரிய ரூமுக்குள்ள போனாங்க. வசந்தா பெட்டி, வசந்தா புருஷன் சிலுவார் கால்சட்டை, வசந்தா மேக்கப் பை, ஒவ்வொண்ணா பூ மாதிரி எடுத்து வெளிய வெச்சாங்க. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. குளிக்கப் போனப்பதான் எல்லாருக்கும் விஷயம் உறைச்சுது. இந்த வீட்ல சுடுதண்ணி ஹீட்டர் அந்த ரூம் பாத்ரூம்ல மட்டும்தான். மத்த பைப்புல வர்றது மலைத் தண்ணி, கைய வெச்சா எலும்பு வரைக்கும் போகும். மச்சினன் வீரமா ஒரு வாளி ஊத்திக்கிட்டு அலறின அலறல்ல பக்கத்து வீட்டு சீனப் பாட்டி சன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு.

கதவைத் தட்டினாங்க, தாழ்ப்பாள் அசையல. வசந்தா அண்ணனுக்குப் போன் போட்டு அழுதா. அண்ணன் எனக்குப் போன் போட்டாரு. "அங்க என்ன பார்வதி நடக்குது? சாந்தா என்ன பண்றா?"

"தூங்கறாங்கண்ணே."

அண்ணன், "சரி, தூங்கட்டும்"ன்னாரு. அன்னிக்குத்தான் அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வந்துச்சு.

மத்தியானத்துக்குள்ள ரெண்டு காரும் குளிக்காத ஜனங்களோட கிளம்பிருச்சு. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு!"ன்னு வசந்தா கத்தினா. யாரு கிளம்பினாலும் போயிட்டு வாங்கன்னுதான் நான் சொல்லுவேன். அன்னிக்கு சரின்னு மட்டும் சொன்னேன்.

அக்கா தூங்கினாங்க பாருங்க ஒரு தூக்கம்! டீக்கு எழுந்திருப்பாங்க, சோத்துக்கு எழுந்திருப்பாங்க, மறுபடி கம்பளிக்குள்ள போயிருவாங்க. சன்னலுக்கு வெளிய வெயிலடிச்சுது, மழை பெஞ்சுது, தேயிலை ஒண்ணையும் அவங்க பாக்கல. நான் படியில கூட மெதுவாத்தான் நடந்தேன். ஒரு வாரம் கழிச்சு பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப, மூஞ்சி நல்லாத் தெளிஞ்சு போய், சாவிய மறுபடி என் கையில வெச்சு அழுத்தினாங்க. "முப்பது வருஷத் தூக்கம் பார்வதி, இப்பத்தான் கொஞ்சம் கடன் அடைஞ்சிருக்கு. மிச்சத்துக்கும் சொல்லாமத்தான் வருவேன்."

பிரிட்ஜ் மேல எத்தனை சட்டம் ஒட்டினாலும் சரி, கடைசியில ஹீட்டர் ரூமுக்கு உள்பக்கமா யாரு தாழ்ப்பாள் போடறாங்களோ அவங்கதாங்க வீட்டுக்காரங்க.